நான் இடம் மாற்றிய சிவப்புப் பொட்டு

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போய்விட்டார்கள். சுவரில் எங்கள் ஊரின் வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வேட்டிகளைச் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிசு. அதன் முன்னால் நான் மட்டும் மோர் டம்ளரோடு நின்றேன்.

வரைபடத்தில் வட்ட வட்டமாகச் சிவப்புப் பொட்டுகள். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே ஆளுக்கொரு பொட்டு ஒட்டுங்கள் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பொட்டுகள் சந்தைத் திடலின் மேல் அம்மை போட்ட மாதிரி குவிந்து கிடந்தன. ஒரே ஒரு பொட்டு மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, எங்கள் ஓடைத் தெருவின் கடைசி வீட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்திருந்தது.

அது ஒன்றுதான் நிஜப் பொட்டு. மற்றதெல்லாம் பொய்.

வாசல் பக்கம் பார்த்தேன். யாரும் வரவில்லை. கட்டை விரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தேன். சந்தைத் திடலில் மற்றவற்றோடு சேர்த்து ஒட்டினேன். பிறகு வரிசையில் போய் நின்று எலுமிச்சைச் சோறு வாங்கினேன். ஊறுகாய் நன்றாக இருந்தது என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது.

சந்தேகப்பட்டுச் சம்பளம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் ஓய்வு பெற்ற சர்வேயர் என்பது தெரியும். இன்றைக்குத்தான் இதழைக் கையில் எடுத்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். தர்மபுரி மாவட்டத்தின் மேடு பள்ளமெல்லாம் சங்கிலி இழுத்து அளந்தவன் நான்.

அந்த வேலையில் சந்தேகம்தான் முதல் கருவி. அளவுச் சங்கிலி இரண்டாவது. ஒருவர் வந்து, "என் எல்லை அந்தப் புளியமரம் வரைக்குங்க" என்று சொன்னால், மரம் போன வருடமும் அங்கேதான் நின்றதா என்று யோசிப்பேன். எல்லைக் கல்லைக் காட்டினால் குனிந்து அதன் அடி மண் புதிதா பழையதா என்று பார்ப்பேன். வீட்டில் சாம்பாரைக்கூட நேற்றையதோ என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்கிறேன் என்பது என் மனைவியின் நெடுநாள் புகார். அதில் பொய் இல்லை.

ஊர் பெயர் வேண்டாம். அரூரில் மொரப்பூர் ரயிலடிக்குப் போகிற பேருந்தில் ஏறுங்கள். நடுவில் பாதிக் கூட்டம் இறங்குகிற இடம் எதுவோ அதுதான். கிராமம் என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், நகரம் என்று சொன்னால் சிரிப்பு வரும்.

ஓடைத் தெருவில் இப்போது ஓடை கிடையாது. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்குப் போக ஒரு ஓடை இருந்தது. நில அளவைத் துறையின் பழைய புலப்படத்தில் அதை இரட்டைக் கோடாகப் போட்டிருப்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த படத்தில் அந்தக் கோடு இல்லை. அது எப்போது மறைந்தது, யார் கையில் அழிப்பான் இருந்தது என்று என்னைக் கேட்டால், அப்போது நான் பாலக்கோட்டுப் பக்கம் வேலையில் இருந்தேன் என்பேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

கோடு மறைந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியது. மதில் ஓடையின் குறுக்கே நிற்கிறது. அதனால் மழை பெய்தால் தண்ணீர் மதிலில் முட்டி, திரும்பி, தெருக்கடைசியில் இருக்கும் நான்கு வீடுகளின் கொல்லை வழியாகப் போகும். மண்டபத்துக்குப் பட்டா இருக்கிறது. அந்த நான்கு வீடுகளுக்கு இல்லை.

நான்கில் கடைசி வீடு மாதம்மாளுடையது. கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். மாதம்மாள் வியாபாரிகளிடம் மூட்டை மூட்டையாகப் புளி வாங்கி வந்து, ஓடும் நாரும் நீக்கி, கொட்டை தட்டிக் கொடுப்பாள். அவள் வீட்டைத் தாண்டிப் போனால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு ஏழெட்டு வீடு தள்ளித்தான் அவள் வீடு.

மூன்று வட்டங்கள்

எங்கள் ஊருக்கு நீடித்த நகர வளர்ச்சி என்ற சரக்கு வந்து இறங்கியது சமீபத்தில்தான். அதற்கு முன்பும் சரக்குகள் வந்ததுண்டு. பசுமை நகரம் என்று ஒரு முறை வேப்பங்கன்றுகள் வைத்தார்கள். கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு. இன்றைக்குக் கூண்டுகள் நல்லபடியாக இருக்கின்றன. இன்னொரு முறை மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி கொடுத்தார்கள். நாங்களும் ஒழுங்காகப் பிரித்துப் போட்டோம். இரண்டையும் ஒரே டிராக்டரில் கொட்டிக்கொண்டு போனார்கள்.

ஆகவே, ஒரு நிறுவனத்திலிருந்து நிவேதா என்ற பெண் மடிக்கணினியோடு வந்து பகுதி சபைக் கூட்டத்தில் பேசியபோது எனக்கு மூக்கில் வியர்த்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். நகரத் திட்டமிடல் படித்தவள். திரையில் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்களைக் காட்டினாள். ஒன்று இயற்கை, ஒன்று பொருளாதாரம், ஒன்று சமூகம். மூன்றும் சேரும் நடு இடம் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தது. ஊர் முழுக்க அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்றாள்.

பிறகு பஞ்சு கதையைச் சொன்னாள். ஊர் என்பது பஞ்சு மாதிரி இருக்க வேண்டுமாம். மழையை விழுந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ள வேண்டுமாம். எல்லாத் தரையையும் சிமெண்ட் பூசி மெழுகினால் தண்ணீர் பாவம் எங்கே போகும் என்று கேட்டாள். மறைந்த ஓடைகளை மீட்க வேண்டும் என்றும் சொன்னாள். நியாயமான பேச்சுதான். நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கூடுதல் பயம்.

"எங்க படிப்புல முக்கியமான பாடம் இதுதாங்க. எந்த நிபுணரையும்விட அந்த ஊர்ல குடியிருக்கிறவங்களுக்குத்தான் ஊரைப் பத்தி அதிகம் தெரியும். அதனால வரைபடத்தை நாங்க வரையப் போறதில்ல. நீங்கதான் வரையப் போறீங்க" என்று முடித்தாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கோவிந்தன் கடையில் போட்ட திட்டம்

பொட்டு ஒட்டும் கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை, தெருமுனையில் கோவிந்தன் டீக்கடையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். எல்லோருக்கும் ஒரே அச்சம்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய சாலைக்காக இந்தப் பக்கம் கல் நட வந்திருந்தார்கள். முதலில் கையில் மேப்போடு வந்து வழி கேட்டவர்களுக்கு எங்கள் ஆட்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மறுமாதம் அதே இளநீர் வெட்டின தோப்புக்கு நடுவில் கல் நின்றது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

"மேப்புன்னு வந்தா பின்னாலயே கல்லு வருமுங்க. கல்லு வந்தா ஜேசிபி வரும்" என்றான் கோவிந்தன், பாலை ஆற்றிக்கொண்டே. "இப்ப ஓடைய மீட்கறோம்னு வர்றாங்க. ஓட எங்க இருக்குது? மண்டபத்துக்கு அடியில. மண்டபத்த ஒடைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க சர்வேயருங்க."

உடைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருட வேலையில் நான் கற்றது அதுதான். பட்டா இருக்கிற மண்டபம் வளர்ச்சி. பட்டா இல்லாத நான்கு வீடு ஆக்கிரமிப்பு. பஞ்சு, வட்டம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கடைசியில் தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில் நிற்கப் போவது மாதம்மாள் வீட்டார்தான்.

யோசனையை நான்தான் சொன்னேன். யாரும் ஓடைத் தெருவில் பொட்டு வைக்கக் கூடாது. எல்லோரும் சந்தைத் திடலில் வையுங்கள். அது அரசாங்க நிலம். எடுத்தால் அவர்கள் இடத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

உண்மையில் சந்தைத் திடல்தான் ஊரிலேயே மேடு. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் குடித்துவிடும். செவ்வாய்க்கிழமை சந்தையில் சித்தேரி மலையிலிருந்து சாமை கொண்டு வருகிறவர்கள் மழை விட்டதும் சாக்கை விரித்து மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

"வூட்ல பொம்பளைங்களுக்கும் சொல்லிருங்க" என்று முடிவானது. சொல்லியும் விட்டோம்.

மறுநாள் கூட்டம் நடந்தது அதே கல்யாண மண்டபத்தில். ஓடையை மீட்பது பற்றிய கூட்டம், ஓடையின் மேலேயே, ஏ.சி. போட்டு நடந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தேன். மாதம்மாளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வரைபடத்தில் திடல் இருக்கும் பக்கம் கண்ணால் சாடை காட்டினேன். அவள் தலையாட்டினாள்.

அப்புறம்தான் அந்தத் தனிப் பொட்டு. நான் அதை அகற்றியது உங்களுக்குத் தெரியும். மாதம்மாள் வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

யார் வைத்தது?

சோறு இறங்கியது. சந்தேகம் இறங்கவில்லை. எங்களுக்குள் ஒருவன்தான் அந்தப் பொட்டை வைத்திருக்கிறான். யார்?

கோவிந்தன் என்று தீர்மானித்தேன். காரணங்கள் வரிசையாகக் கிடைத்தன. அவன் கடை ஓடையின் தலைமாட்டில் இருக்கிறது. கடைசி வீடுகளைக் காட்டிக்கொடுத்தால் தன் கடை தப்பும் என்று கணக்குப் போட்டிருப்பான். அன்றைக்கு டீக்கடையில் அவன்தான் அதிகம் பேசினான். அதிகம் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் அனுபவம். கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் போனான். மின்விசிறிக் காற்று வாங்கப் போனேன் என்றான். ஏ.சி. அறையில் என்ன காற்று?

மறுநாளிலிருந்து அவன் கடைக்குப் போவதை நிறுத்தினேன். பேருந்து நிலையத்தில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தேன். "என்னாங்க சர்வேயருங்க, கண்ணுல படறதே இல்ல?" என்று கோவிந்தன் வழியில் கேட்டான். பார்த்தீர்களா, குற்றமுள்ள மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

நிவேதா என் வீட்டுக்கு வந்தாள்

சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில் நிவேதா மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி கொடுத்த காப்பியை வைத்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. லெவல் எடுத்துப் பார்த்தோம். சந்தைத் திடல்தான் ஊர்லயே உயரமான இடம்னு காட்டுது. ஆனா ஊரே அங்கதான் தண்ணி நிக்குதுன்னு சொல்லுது. உங்க தெரு தாழ்வா இருக்கு. பேரே ஓடைத் தெரு. அங்க ஒரு பொட்டுகூட இல்ல. எது சார் சரி?"

சரியான கேள்வி. அவள் ஆட்களில் வேறு யாரும் கேட்காத கேள்வி. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனசு வேறு மாதிரி வேலை செய்தது. இவள் ஏன் தனியாக வந்து கேட்கிறாள்? யார் அனுப்பினார்கள்? ஓடைத் தெரு என்று என் வாயால் வரவழைத்து, சர்வேயரே சொன்னார் என்று எழுதிக்கொள்ளப் பார்க்கிறாளா?

"அம்மிணி, பேர வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. அந்த ஓட எங்க தாத்தன் காலத்துலயே தூர்ந்து போச்சு" என்றேன். "திடல்ல அடியில பாறை இருக்குது. அதனால தண்ணி எறங்காது. லெவல் மிஷினுக்கு மேல் மண்ணுதானே தெரியும்? நான் முப்பது வருசம் சங்கிலி புடிச்சவன்."

பாறையாவது ஒன்றாவது. அந்தத் திடலில் கடப்பாரை போட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கும்.

அவள் நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க சார். இதுக்குத்தான் உள்ளூர்க்காரங்களக் கேக்கணும்னு சொல்றது" என்றாள். அந்த நன்றி எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் போன பிறகு, அது நடிப்பாக இருக்குமோ என்று யோசித்து அந்தக் கூச்சத்தைப் போக்கிக்கொண்டேன்.

பஞ்சுப் பூங்கா

சந்தைத் திடலில் பூங்கா வந்தது. நடுவில் குளம் மாதிரி ஒரு பள்ளம். சுற்றிலும் ஓடு பதித்த நடைபாதை. வண்டிகள் நிறுத்த சிமெண்ட் தளம். செவ்வாய்ச் சந்தையைச் சாலையோரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சாமை மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலை உரசிக்கொண்டு பேருந்துகள் போயின.

திறப்பு விழாவில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அட்டையில் எங்கள் பொட்டு வரைபடத்தின் புகைப்படம். மக்களே வரைந்த திட்டம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படத்தில் என் முதுகும் தெரிகிறது என்று மனைவி காட்டினாள். ஊரே கமுக்கமாகச் சிரித்தது. அரசாங்கத்தின் காதில் பூ சுற்றிவிட்டோம் என்ற பெருமை எங்களுக்கு.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் இருந்தது. பூங்காப் பள்ளம் நிறைந்தால் மீதித் தண்ணீர் வெளியேற ஒரு சிமெண்ட் வாய்க்கால். அதை எந்தப் பக்கம் விடுவது? தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்துத்தானே விட வேண்டும். வரைபடத்தில் ஒரு பொட்டுகூட இல்லாத சரிவு ஒன்றுதான் இருந்தது. வாய்க்காலின் வாயை ஓடைத் தெருவின் தலைப்பில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். சர்வேயருக்கு ஒரு கோட்டைப் பார்த்தால் அதில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமல் இருக்காது. தெரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொன்னால் அப்போது ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள் அல்லவா? இரண்டு மழைக்கு மேல் இந்தப் பக்கம் எங்கே பெய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரசம் வாசனை

அந்த ஐப்பசியில் பெய்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்த மழை மூன்று மணிக்கும் விடவில்லை. முன்பு திடல் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரையெல்லாம் நடைபாதை ஓடுகளும் சிமெண்ட் தளமும் அப்படியே பள்ளத்தில் கொட்டின. பள்ளம் நிறைந்து, வாய்க்கால் வழியாக மொத்தமும் எங்கள் தெருவுக்குள் இறங்கியது.

என் வீட்டுப் படியில் நின்று பார்த்தேன். காவி நிறத்தில், செருப்பும் தேங்காய் மட்டையும் சுமந்துகொண்டு போனது. மண்டப மதிலில் முட்டித் திரும்பியது. சிறிது நேரத்தில் தெருவே ரசம் வாசனை அடிக்க ஆரம்பித்தது. வேறு நேரமாக இருந்தால் பசி எடுத்திருக்கும். மாதம்மாள் வீட்டுப் புளி கரைகிறது என்று புரிந்ததும் படியை விட்டு இறங்கினேன்.

ஓடினோம். கோவிந்தன் எனக்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். மாதம்மாள் வீட்டின் பின்சுவர் படுத்துவிட்டது. அவள் முன்வாசலில், சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முக்காலியின் மேல் நின்றிருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வீடு என்று சொல்ல மூன்று சுவரும் பாதித் தகரக் கூரையும் மிச்சம்.

மண்டபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை அங்கே ஒரு வரவேற்பு நடந்தது. மேளச் சத்தம் கேட்டது.

அவள் சொன்னது

இரண்டு நாள் கழித்துப் போனேன். கயிற்றுக் கட்டிலில் சேலைகளைப் போட்டு மாதம்மாள் காயவைத்துக்கொண்டிருந்தாள். சேற்றை அள்ளி ஒரு பக்கம் குவித்திருந்தாள். அதில் புளியங்கொட்டைகள் பளபளத்தன.

ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஆனால் என் வாய் வேறு வழியில் போயிற்று. என் பங்குக்கு நான் செய்த நல்லது என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. மனுசன் எந்த நேரத்திலும் தன்னைப் பற்றித்தான் யோசிப்பான்.

"மாதம்மா, உனக்குத் தெரியாது. அன்னிக்கு மண்டபத்துல எவனோ ஒருத்தன் உன்ற வூட்டு மேல பொட்டு வெச்சிருந்தான். அத வெச்சு உன்னக் காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க. நான்தான் ஆருக்கும் தெரியாம எடுத்துட்டேன்" என்றேன். "கோவிந்தன் வேலைன்னு நெனைக்கிறேன்."

அவள் உதறிக்கொண்டிருந்த சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாங்கண்ணா வெச்சேன்" என்றாள்.



"எல்லாரும் திடல்ல வெக்கச் சொன்னீங்க. தலையாட்டிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு எம் பக்கத்துல வந்து, அக்கா, உங்க வூட்ல தண்ணி வருமான்னு கேட்டுச்சு. கண்ணாலம் ஆகி வந்த நாள்ல இருந்து வருதுங்கண்ணா. ஒருத்தரும் அந்தக் கேள்விய எங்கிட்டக் கேட்டதில்ல. வரும்னேன். அப்ப அங்க ஒட்டுங்கக்கான்னு ஒரு பொட்டக் குடுத்துட்டு, எந்தத் தெருன்னு கேக்கறதுக்குள்ள ஆரோ கூப்புட அந்தப் பக்கம் போயிருச்சு. ஒட்டுனேன்."

"காலி பண்ணச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"போயிருப்பேன். மேட்டுல ஒரு எடம் குடுங்கன்னு கேட்டிருப்பேன். குடுத்தா போயிருப்பேன், குடுக்கலன்னா ஆபீசு வாசல்ல உக்காந்திருப்பேன். மழைக்கு மழை மூட்டயத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சுங்கண்ணா. இந்த வூட்டக் காப்பாத்திக் குடுங்கன்னு நான் உங்ககிட்ட எப்பக் கேட்டேன்?"

அவள் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. சேலையைக் கட்டிலில் விரித்து, நான்கு முனையிலும் கல் வைத்தாள்.

"ஏழு வூடு தள்ளி இருக்கீங்க. அந்தப் பொண்ணு எங்கிருந்தோ வந்து கேட்டுது. நீங்க கேக்கல."

அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மக்களைக் கேட்பதாக நடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கேலி பேசினவன் நான். நடிக்கக்கூட இல்லாமல் ஒருத்தியின் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

மனு

நிவேதாவைத் தொலைபேசியில் பிடித்தேன். அவள் அந்த நிறுவனத்தை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தாள். திடலில் பாறை கிடையாது என்று சொன்னேன். "உங்க பேச்ச நம்பித்தான் சார் எங்க லெவல் ஷீட்ட ஒதுக்கி வெச்சேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு யாருக்கு, எப்படி எழுத வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை மனு நாளில் கொடுக்க மனுவை நான் எழுதினேன். என் வீட்டில், மாதம்மாள் எதிரில் உட்கார்ந்திருக்க. மேட்டில் பட்டாவோடு ஒரு மனை என்று சொன்னாள். எழுதினேன். வாய்க்காலை அடைக்க வேண்டும் என்றாள். எழுதினேன்.

"மண்டபத்து மதிலும் ஒடைக்கணும். எழுதுங்க."

"அந்தப் பேரு வந்தா மனு நகராது மாதம்மா. பொதுவா, ஓடை ஆக்கிரமிப்புன்னு எழுதறேன்."

"எழுதுங்கண்ணா."

எழுதினேன். கடைசியாக, நில அளவையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நான் தெரிந்தே தவறான தகவல் கொடுத்தேன் என்ற வரி. 'தெரிந்தே' என்ற சொல்லுக்கு முன்னால் பேனா கொஞ்சம் நின்றது. அதையும் எழுதினேன். முழுவதையும் அவளுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது.

கேட்டுவிட்டு அவள் பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கி இரண்டாக மடித்தாள். "இருங்கண்ணா, வர்றேன்" என்று எழுந்து தெருவில் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கோவிந்தன் கடையில் போய் நின்றாள். நான் அந்தக் கடைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கோவிந்தா, இதுல என்னா எழுதியிருக்குதுன்னு படி. உள்ளது உள்ளபடி படி" என்றாள்.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தான். டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் திரும்பினார்கள். அவன் உரக்கப் படித்தான். மண்டபத்தின் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. 'தெரிந்தே' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி என்னைப் பார்த்தான்.

"படி" என்றாள் மாதம்மாள்.

நான் கடைக்கு வெளியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான் படித்ததும் அவன் படிப்பதும் ஒன்றுதானா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி முடிந்த பிறகுதான் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள்.